ரொட்டி சுமந்த டு

அந்தக் காலத்தில், சொற்களுக்குக் காலும் வாயும் வயிறும் இருந்தபோது, ஆங்கில நாட்டில் ‘டு’ (to) என்பது ஒரு கழுதை. இன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் வாக்கியத்துக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறதே ஒரு சின்னச் சொல், அதே டுதான்.

அந்த நாட்டில் ஓர் ஓடையின் இரண்டு கரையிலுமாக ஓர் ஊர் இருந்தது. ஊர்க்காரர்கள் யாருக்கும் எதையும் நேருக்கு நேர் கொடுக்க மாட்டார்கள். கையிலிருந்து கைக்குப் பொருள் போனால் பகை மூளும் என்று எப்போதோ எவரோ சொல்லிவைத்திருந்தார். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடுக்க நினைப்பவர் வாசலில் நின்று முதலில் பொருளைச் சொல்வார், அடுத்து டுவைக் கூப்பிடுவார், கடைசியில்தான் யாருக்கு என்று சொல்வார். டு வந்து நிற்கும். அதன் முதுகுப் பையில் பொருளைப் போட்டால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

எடித் அந்த ஊரில் ரொட்டி சுட்டுப் பிழைத்தவள். அவளுடைய தங்கை மில்ட்ரெட் அக்கரையில் இருந்தாள். இடுப்பு முறிந்ததிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பு வரை நகர்வாள், அதற்கு மேல் முடியாது. அக்கா அனுப்பும் ரொட்டிதான் அவளுக்குச் சாப்பாடு. தினமும் காலையில் எடித் வாசலில் நின்று, “ரொட்டி! டு! மில்ட்ரெட்!” என்று குரல் கொடுப்பாள். பாலத்தைத் தாண்டினால் கூப்பிடு தூரம். ஆனாலும் அவள் போனதில்லை. தங்கை வீட்டுப் புகைபோக்கியில் புகை தெரிந்தால் போதும் என்று உள்ளே போய்விடுவாள்.

டுவுக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வழியோரத்துப் புல்லை மேய்ந்து அது பாட்டுக்கு இருந்தது.

ஒரு வருஷம் பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒரு மாதமாகியும் தரை கண்ணில் படவில்லை. புல்லெல்லாம் அடியில் போய்விட்டது. டுவின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். ஒருநாள் காலையில் எடித் பையில் ரொட்டியைப் போட்டதும் அது நகராமல் நின்றது.

“எடித்தம்மா, எனக்கு ஒரு துண்டு குடுங்களேன். நாலு நாளா வயித்துல ஒண்ணுமில்ல.”

எடித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுக்க மனசு இருந்தது, உள்ளே சூடாக ரொட்டியும் இருந்தது.

“குடுக்கலாம். ஆனா உனக்கு யாரு கொண்டாந்து குடுப்பா?”

“நான்தான் உங்க முன்னாடியே நிக்கிறேனே.”

“நேரா எப்படிக் குடுக்கிறது? பகை வந்துடுமே.”

“எனக்கும் உங்களுக்கும் என்னம்மா பகை?”

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ பார்ப்பது போல எடித்துக்கு இருந்தது. “இதைக் குடுத்துட்டு வா, பாக்கலாம். பனி உருகினா புல்லு தானா வந்துடும்” என்றாள்.

டு வாதாடவில்லை. “மில்ட்ரெட்டம்மா பசியோட இருப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது. கால்கள் பின்னின. எடித் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கூப்பிட்டபோது டு வரவில்லை. அக்கரையில் புகையும் தெரியவில்லை. இருந்தாலும், டு வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று எடித் உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்க அதே கதைதான். எதிர்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கிழவருக்காக, “விறகு! டு! ஆஸ்வால்ட்!” என்று அன்றும் அடுத்த நாளும் தொண்டை கிழியக் கத்தினார். கிழவர் இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தே விறைத்துச் செத்தார். விறகு பத்தடி தள்ளி, கட்டியது கட்டியபடி கிடந்தது.

கிழவரின் உடலைப் பார்த்தபிறகுதான் எடித் பாலத்துப் பக்கம் ஓடினாள்.

பாலத்தின் நடுவில் பனி மேடு தட்டியிருந்தது. கையால் தள்ளினாள். காது தெரிந்தது, பிறகு மூடிய கண். பை முதுகிலேயே இருந்தது. தலையைத் திருப்பினால் வாய்க்கு எட்டும் தூரம்தான். உள்ளே ரொட்டி முழுசாக இருந்தது, ஒரு பல் கூடப் படவில்லை.

அழ நேரமில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு அக்கரைக்கு ஓடினாள். கதவைத் தள்ளும்போது அவள் வாயில் ரொட்டி என்ற சொல்லே வரவில்லை. “மில்ட்ரெட்! மில்ட்ரெட்!” என்றுதான் வந்தது. மூலையில் போர்வை அசைந்தது. கல்லாக இறுகியிருந்த ரொட்டியை மார்போடு அணைத்துச் சூடாக்கி, பிய்த்து, “இந்தா, ரொட்டி” என்று தங்கையின் கையிலேயே வைத்தாள். பகை எதுவும் மூளவில்லை.

இரண்டு வாய் விழுங்கியபிறகு மில்ட்ரெட், “டு எங்கக்கா?” என்று கேட்டாள்.

“செத்துப்போச்சு.”

“பசியா?”

எடித் தலையாட்டினாள்.

“தினம் இந்த வாசல்ல வந்து நிக்கும். ஒரு வாய் குடுக்கணும்னு எனக்கும் தோணலயே” என்றாள் மில்ட்ரெட். மிச்சமிருந்த பாதியை அவள் சாப்பிடவில்லை. அக்காவிடம் நீட்டினாள்.

எடித் அதை எடுத்துக்கொண்டு பாலத்துக்குத் திரும்பினாள். பனியில் மண்டியிட்டாள். “டு, இந்தா ரொட்டி” என்று அந்த விறைத்த வாயருகே வைத்தாள். வேலை ஏவாமல் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. வாய் திறக்கவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.

இரண்டு கரையிலும் ஜனங்கள் வந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக விறகையும் மருந்தையும் தாங்களே தூக்கிக்கொண்டு, ஆளின் பெயரைச் சொல்லி அழைத்தபடி வீடு வீடாகப் போனார்கள்.

மலைமேல் மாளிகைகளில் பெரிய மனிதர்களாக இருந்த எக்ஸ்பிளைன், டொனேட் போன்ற சொற்கள் மட்டும் கீழே இறங்கி வரவில்லை. டுவின் வம்சத்தில் மிஞ்சிய கழுதைகளை அவை தங்கள் தொழுவத்தில் கட்டிக்கொண்டன, இன்றும் கழுதை இல்லாமல் எதையும் ஒருவரிடம் சேர்ப்பதில்லை. கீழே இருப்பவர்களிலும் பொருளை முதலில் சொல்லிவிடுகிறவர்கள் ‘கிவ் பிரெட் டு மில்ட்ரெட்’ என்று அந்தக் கழுதையைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

கிவ், செண்ட், ஷோ, டெல் எல்லாம் ஓடைக்கரையில் பிறந்த சொற்கள். அன்று முதல்தான் அவை ஆளை முதலில் அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கின்றன, ‘கிவ் மில்ட்ரெட் பிரெட்’ என்று பொருள் அதற்குப் பின்னால் வருகிறது, நடுவில் டு நடந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது.