இடப்பக்கக் கதவின் ரப்பர்

குற்றாலச் சாரல் எட்டும் தொலைவில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே சிறிய ஆசிரமம் ஒன்று இருந்தது. அதன் தலைவி உலகம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பூவராகனுக்கோ அறுபத்தொன்று.

பூவராகன் ஓர் அருங்காட்சியகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓலைச்சுவடிகளையும் பழந்துணிகளையும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காத்தவர். கைபடாத பொருள் நெடுநாள் வாழும் என்பதே அவர் கற்ற கல்வி.

"எனக்கு என்ன பணி, அம்மையே?" என்று முதல் நாளே கேட்டார்.

"கார் ஓட்டுவீர்களா?"

"ஓட்டுவேன்."

"அப்படியானால் மாடத்தியை அழைத்துச் செல்லுங்கள்."

மாடத்தி பக்கத்து ஊர்க்காரி. இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. திங்களும் வியாழனும் தென்காசி மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். அதற்கென அவள் கழுத்தில் ஒரு குழாயைப் பொருத்தி, மேலே கட்டுப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டு நனையவே கூடாது.

ஆசிரமத்துக் காரோ பழையது. பின்பக்கத்து இடக்கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்து உதிர்ந்திருந்தது. பூவராகன் தென்காசிக் கடையொன்றில் புதிய ரப்பர் வாங்கித் தாமே பொருத்தினார். அது வெடிக்காமலிருக்க நல்லெண்ணெய் தடவலாமா என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிப்போயிரும் சார். சோப்புத் தண்ணியில தொடச்சு, காயவிட்டு, கொஞ்சம் கிளிசரின் தடவுங்க. அது போதும்."

பூவராகனுக்கு அது போதவில்லை. வாரம் இருமுறை துடைத்தார், கிளிசரின் தடவினார். வெயில் படாமல் காரைக் கொட்டகைக்குள் நிறுத்தினார். ரப்பர் நசுங்கக் கூடாதென்று இரவெல்லாம் அந்தக் கதவைச் சற்றே திறந்து வைத்தார். மாடத்தி ஏறியமர்ந்ததும் கதவைத் தாமே இரு கைகளாலும் மெல்லச் சாத்துவார். 'டக்' என்று முதல் ஓசை கேட்டதும் நிறுத்திவிடுவார். இரண்டாம் ஓசை கேட்கும்வரை தள்ளினால் ரப்பர் அழுந்திவிடும் என்பது அவர் கணக்கு.

மாடத்தியின் கணவன் ஆவுடையப்பன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

"சாமி, கதவ மூடுதீங்களா, தாலாட்டுதீங்களா?"

"நீங்க சும்மா இருங்க. அந்த ரப்பருக்கு நடக்க உபசாரம் ஒரு நாளாச்சும் எனக்கு நம்ம வீட்டுல நடந்திருக்கா?" என்பாள் மாடத்தி.

ஆவுடையப்பன் வலப்பக்கம் ஏறி, தன் கதவைப் படாரென்று அறைந்து சாத்துவான். அந்தப் பக்கத்தில் இருந்தது பழைய ரப்பர். ஒவ்வொரு முறையும் பூவராகன் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

ஆனி மாதத்தில் சாரல் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை, காற்றோடு பக்கவாட்டில் அடித்த மழையில் கார் தென்காசி போய்ச் சேர்ந்தபோது, மாடத்தியின் இடத்தோள் நனைந்திருந்தது. கழுத்துக் கட்டின் ஓரமும் ஈரமாயிருந்தது. செவிலி புதுக் கட்டுப் போட்டாள்.

"இதுல கிருமி போச்சுன்னா நேரா ரத்தத்துல கலந்திரும். இன்னொரு தடவ நனைய விடாதீங்க. உசுருக்கே ஆபத்து" என்றாள்.

ஆவுடையப்பனின் தோளில் ஒரு துளியும் பட்டிருக்கவில்லை.

பூவராகன் அன்று மாலை ரப்பரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை, பொருத்திய நாளில் இருந்தவாறே இருந்தது. வலப்பக்கத்து ரப்பரைப் பார்த்தார். நசுங்கித் தட்டையாகி, நிறம் வெளுத்திருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. செவ்வாயும் புதனும் இரண்டு கதவுகளுக்கும் இடையே நடந்தே கழிந்தன.

வியாழக்கிழமை காலையிலும் மழை விடவில்லை. ஆவுடையப்பனும் மாடத்தியும் ஆசிரமத்து வாசலில் ஒரே குடைக்குள் நின்றார்கள்.

"சாமி, கோவிச்சுக்கிடாதீங்க. நாங்க பஸ்ஸுலயே போயிருதோம்" என்றான் ஆவுடையப்பன்.

"பேருந்து நிறுத்தம் ஒன்றரை மைல் அல்லவா? இந்த மழையில் எப்படி நடப்பாள்?"

"கார்லயும் நனையத்தான செய்தா?"

பூவராகன் உள்ளே சென்று உலகம்மையின் முன் நின்றார்.

"அம்மையே, எனக்குப் புரியவில்லை. நான் காத்த ரப்பர் நீரை உள்ளே விடுகிறது. எவரும் காக்காத ரப்பர் நீரைத் தடுக்கிறது. இது எப்படி?"

உலகம்மை எழுந்தார்.

"காரை மழையில் நிறுத்துங்கள்."

நிறுத்தினார்.

"மாடத்தியின் இடத்தில் உட்காருங்கள். கதவை வழக்கம்போலச் சாத்திக்கொள்ளுங்கள்."

பூவராகன் ஏறி அமர்ந்து, கதவை மெல்ல இழுத்தார். டக். மழையின் இரைச்சல் காதருகே கேட்டது. சற்று நேரத்தில் கதவின் மேல் விளிம்பில் நீர் கோத்து, துளித்துளியாக அவர் கழுத்தில் இறங்கியது. அவர் அசையாமல் இருந்தார்.

உலகம்மை கதவைத் திறந்தார்.

"குளிர்கிறதா?"

"குளிர்கிறது. ஆனால் என் கேள்விக்கு விடை?"

"சொல்கிறேன்."

சொல்லிவிட்டு, கதவை முழு வலிமையோடு அறைந்து சாத்தினார். பூவராகனின் உடல் ஒருமுறை குலுங்கியது. ரப்பர் என்னவாயிற்றோ என்று கை தானாக விளிம்புக்குப் போயிற்று. விரல் நுழைய இடமில்லை; துளி இறங்குவதும் நின்றிருந்தது.

காருக்குள் ஒரே அமைதி. மழை எங்கோ தொலைவில் பெய்வது போலிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் குடையின் கீழ் நின்று உலகம்மை நிதானமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைவது தெரிந்தது. பூவராகன் முன்னால் சாய்ந்தார். கண்ணாடியில் காதை வைத்தார். ஆவுடையப்பன் தலையாட்டுவதும் மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பதும் தெரிந்தன.

பேசி முடித்ததும் உலகம்மை கதவைத் திறந்தார்.

"அம்மையே, என்ன சொன்னீர்கள்?"

"நீங்கள் கேட்டதற்கு விடை சொன்னேன்."

"ஒரு சொல்கூட என் காதில் விழவில்லையே."

"விழவில்லையா? அப்படியானால் இறங்குங்கள். மாடத்தி ஏறட்டும்."