அழுங்குக்கு என்ன வித்தை தெரியும்?

வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தின் கரையில் மூன்று காடுகளின் விலங்குகளும் கூடின. காட்டுக்கு ஒருவர் மோத வேண்டும். வென்றவரின் காட்டுக்குக் கோடை முழுவதும் முதல் தண்ணீர். மற்றவர்களுக்குக் கலங்கிய மிச்சம். குளத்து நீர் யார்மேல் பட்டாலும் அவர் தோற்றவர். இதுதான் விதி.

மேற்குக் காட்டிலிருந்து வேங்கையப்பன் என்ற புலி வந்தது. நாலு திசையும் திரும்பி உறுமிவிட்டுத்தான் அது பாயும். வடக்குக் காட்டிலிருந்து மத்தளராயன் என்ற யானை வந்தது. தும்பிக்கையால் நீரை உறிஞ்சி எதிரியின் முகத்தில் பீய்ச்சியடிப்பதில் அது பேர்போனது. அந்த இரண்டையும் பார்க்கவே கூட்டம் முண்டியடித்தது.

தெற்குக் காட்டில் அப்படிப் புகழ்பெற்றவர் யாரும் இல்லை. செதிலி என்ற அழுங்கு, எறும்பு தின்று பிழைக்கும் சின்ன விலங்கு, மட்டும் முன்னால் வந்தது. நடுவராக இருந்த கருங்குரங்கு மந்திமுத்து அதை மேலும் கீழும் பார்த்தது.

“உடம்பெல்லாம் செதில். நீ மீனா?”

“அழுங்கு, அண்ணா.”

“உன் பெயரைச் சொன்னால் நாலு பேர் கை தட்டுவார்களா?”

“தட்ட மாட்டார்கள். போன கோடையில் சேற்றுத் தண்ணீரைக் குடித்து என் குட்டி சாகக் கிடந்தது. இந்த முறை நல்ல தண்ணீர் வேண்டும்.”

வேறு ஆள் இல்லாததால் மந்திமுத்து அதைச் சேர்த்துக்கொண்டது.

முதல் போட்டி புலியோடு. என்ன வித்தை தெரியும் என்று புலி கேட்டது. ஒன்றும் தெரியாது என்றது செதிலி. புலிக்குப் பாவமாகிவிட்டது. “பயப்படாதே அம்மணி, மெதுவாகத்தான் அடிப்பேன்” என்றது.

கூட்டம் “உறுமல், உறுமல்” என்று கத்தியது. புலி கிழக்கே உறுமியது. மேற்கே உறுமியது. வடக்கே இருந்தவர்கள் இன்னொரு தடவை கேட்டார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை உறுமியது. அதற்குள் செதிலி பயத்தில் பந்தாகச் சுருண்டு, சரிவில் உருண்டு, குளத்து ஓரக் கல்லில் முட்டி நின்றுவிட்டது. உறுமி முடித்த புலி, எதிரி எங்கே நிற்கிறது என்றே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அழகாகப் பாய்ந்தது. பந்தின்மேல் விழுந்து, வழுக்கி, தொபீரென்று குளத்துக்குள் போயிற்று.

அடுத்து யானை. ஒரு மிதி போதும், செதிலியின் கதை முடிந்துவிடும். யானையும் காலைத் தூக்கியது. ஆனால் அதன் ரசிகர்கள் விடவில்லை. “தண்ணீர் அடி, ராயா! அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!”

யானை காலை இறக்கியது. கூட்டத்தைப் பார்த்துக் காதை ஆட்டியது. தும்பிக்கையைக் கம்பீரமாக வளைத்துக் குளத்துக்குள் விட்டது.

மந்திமுத்து தொண்டையைச் செருமியது.

“ராயா, அது குளத்து நீர்.”

யானை தும்பிக்கையைப் பார்த்தது. அதற்குள் தும்பிக்கை நிறையத் தண்ணீர் ஏறியிருந்தது.

தெற்குக் காடு வென்றது. உடனே கூட்டம் செதிலியைச் சூழ்ந்துகொண்டு, ஒரே ஒரு முறை உருண்டு காட்டச் சொல்லிக் கெஞ்சியது.

“குட்டிக்குத் தாகம்” என்று சொல்லிவிட்டு, தெளிந்த நீரைப் பார்த்து நடந்தது செதிலி.

கைதட்டலுக்காகச் சண்டை போடுபவர், எதற்காகக் களத்தில் இறங்கினோம் என்பதை மறந்து தோற்றுப்போவார்.