இருவாச்சியின் இறக்கைச் சத்தம்

அந்தக் காலத்துல, மிருகமும் பறவையும் நம்மள மாதிரியே வாயாடிக்கிட்டுத் திரிஞ்சப்போ, மேற்கு மலையில ஒரு இருவாச்சிப் பறவை ஜோடி இருந்துச்சு. பெரிய மஞ்ச மூக்கு, அது மேல ஓடத்தைக் கவுத்து வச்ச மாதிரி ஒரு கொண்டை. அந்தக் கொண்டை வந்த கதை வேற. அதுல ஒரு கரடி வரும், கரடியோட மாமியார் வருவா, ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது. விடுங்க.

பொண்டாட்டி இருவாச்சி முட்டை போட்டா போதும், மரநாய் வந்து தின்னுட்டுப் போயிரும். வருசா வருசம் இதே அழுகை. கடைசியில அவ சொன்னா, "ஏங்க, நான் இந்த மரப்பொந்துக்குள்ள போய் உக்காந்துக்கறேன். வாசலை மண்ணு பூசி அடைச்சிருவோம். உங்க மூக்கு நுழைய ஒரு சந்து போதும்."

"பறக்கறவ இருட்டுக்குள்ள அடைஞ்சு கிடப்பியா புள்ள?"

"பறக்கவே வேண்டாம். இறகை உதுத்து முட்டைக்கு மெத்தை போட்டுடறேன்."

இறகு திரும்ப முளைக்கிற வரைக்கும் புருசன் கொண்டாந்து ஊட்டினாத்தான் அவளுக்குச் சோறு. அவர் வரலேன்னா அவளும் இல்ல, குஞ்சும் இல்ல. ரெண்டு பேரும் மண்ணைக் குழைச்சு வாசலை அடைச்சாங்க.

அப்போல்லாம் இருவாச்சி பறந்தா பஞ்சு மிதக்கற மாதிரி, சத்தமே கேக்காது. அத்திப்பழம் வாயில விழறப்பதான் புருசன் வந்திருக்கார்னு அவளுக்குத் தெரியும்.

பக்கத்துக் கிளையில ஒரு மைனா. மைனாவுக்குக் கண்ணைச் சுத்தி ஏன் மஞ்சள் தெரியுமா? மஞ்சள் பூசின நிலைவாசல்ல மூஞ்சியை வச்சு ஊரார் வீட்டை எட்டிப் பார்த்ததுல ஒட்டிக்கிட்டது. அந்த ஜாதி அது.

மழை பிடிச்சுக்கிச்சு. கிட்ட இருந்த அத்தியெல்லாம் ஓஞ்சுபோச்சு. அவர் பழம் தேடி மலை தாண்டிப் போனார். காலையில வரல. மத்தியானமும் வரல.

"அக்கா, உள்ளதான் இருக்கியா?"ன்னுச்சு மைனா. "மாமா அந்தப் பக்கத்து மலையில இன்னொருத்திகூடப் பழம் தின்னுக்கிட்டு இருக்கறதா பேசிக்கறாங்க. எனக்கென்ன, காதுல விழுந்ததைச் சொன்னேன்."

"போடி, உன் வேலையைப் பாரு."

சொல்லிட்டா. ஆனா இருட்டுல உக்காந்து பாருங்க தெரியும், எம்புட்டு நம்பினவளுக்கும் காது வாசல்லயேதான் கிடக்கும். அவளையும் மீறி மூக்கு சுவத்தைத் தட்டுச்சு. ஒரு கட்டி உதிர்ந்துச்சு. இன்னொரு கட்டி. கீழே மரநாய் உதட்டை நக்கிக்கிட்டு ஏற ஆரம்பிச்சுது.

அந்த நேரம் பாத்து அவர் வந்து சேர்ந்தார், நனைஞ்சு, வாய் நிறையப் பழத்தோட. மரநாயைக் கொத்தித் துரத்திட்டு, உடைஞ்ச சுவத்தைப் பாத்தார்.

"நீங்க வர்றது தெரியலையேங்க"ன்னு உள்ளயிருந்து அழுதா.

அவர் ஒரு வார்த்தை கோவிக்கல. ஊட்டினார், சுவத்தைப் பூசினார், நேரா மலை உச்சிக்குப் போய்க் காத்து முன்னால நின்னார்.

"காத்தண்ணே, என் இறக்கையில சத்தம் வை."

"கிறுக்கா உனக்கு? ஆந்தை சத்தமில்லாத இறக்கைக்குத் தவம் கிடக்கு. சத்தம் வந்தா நீ போற வழி வேட்டைக்காரனுக்குத் தெரியுமேடா!"

"நான் மேகத்தை ஒட்டிப் பறந்துக்கறேன். அவளுக்குத் தெரியணும்."

காத்து அப்படியே நின்னுபோச்சு. காத்தே நின்னா எப்படி இருக்கும்! மலை முழுக்க ஒரு இலை அசையல. அப்புறம் மெல்ல வந்து, அவர் இறகு ஒவ்வொண்ணுலயும் பூந்துக்கிச்சு.

அவர் இறக்கையை ஒரு வீசு வீசினார் பாருங்க, காடே அதிர்ந்துச்சு. மென்னுக்கிட்டிருந்த யானை மெல்லறதை நிறுத்திட்டு அண்ணாந்து பாத்துச்சு. மைனா வாயை மூடிக்கிச்சு. இருட்டுக்குள்ள இருந்தவ முட்டையைத் தடவிக்கிட்டே சொன்னா, "அப்பா மலை தாண்டிட்டார்டா கண்ணுங்களா."

அன்னைக்குத் தொட்டுத்தான் இருவாச்சி பறந்தா மலைக்கே மூச்சு வாங்கற மாதிரி சத்தம் வருது. குஞ்சு வளர்ற வரைக்கும் உள்ள இருக்கறவளும் சுவத்துல மூக்கை வைக்கறதே இல்ல.