கொடி யார் கையில்?

ஒரு கொடிக்கு மூன்று கைகள் நீண்ட கதை இது. சரியாகச் சொன்னால் இரண்டு கைகள்தான் நீண்டன; மூன்றாவது கை பாவாடை மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவிநாசிப் பக்கம் ஓர் ஊராட்சிப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை பொற்கொடிக்குத் தமிழென்றால் உயிர். அவர் வகுப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு, நூல் மில் வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும், பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடியிருப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவரவர் பாஷையைப் பேசிக்கொண்டு அவரவர் மூலையில் ஒதுங்கினார்கள். அதைக் கண்டு பொற்கொடி ஒரு சட்டம் போட்டார். வகுப்புக்குள் தமிழில்தான் பேச வேண்டும். தண்ணீர் குடிக்கப் போவதானாலும் எழுந்து நின்று தமிழில் கேட்டுவிட்டே போக வேண்டும். மீறினால் அந்த மாதம் முழுக்க வரிசையில் கடைசி இடம். யாரும் விலகி நிற்கக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். நல்ல மனத்தோடு போட்டதுதான்.

பாசிமணி விற்கும் ராணியின் மகள் நதியா முதல் மாதமே கடைசி இடத்துக்குப் போனாள். அதன்பின் வீட்டுப் பேச்சைச் செருப்போடு சேர்த்து வகுப்பு வாசலில் கழற்றிவிட்டு வரப் பழகிக்கொண்டாள்.

தீபாவளி கழிந்து பீகாரிலிருந்து ரூபி வந்தாள். வந்த நாள் முதல் ஒரு சொல் பேசவில்லை. சட்டத்துக்குப் பயந்து, வடக்கிலிருந்து வந்த மற்றப் பிள்ளைகளும் அவளிடம் தங்கள் பாஷையில் பேசவில்லை. பொற்கொடிக்கு மனம் பொறுக்கவில்லை. "ரூபியை வாய் திறக்க வைக்கிறவங்கதான் குடியரசு தினத்தன்று நம் பள்ளிக் கொடியைப் பிடித்து முதலில் நடப்பாங்க" என்று வகுப்பறிய வாக்குக் கொடுத்தார்.

கவின்யா, வகுப்பில் முதல் மாணவி, படம் வரைந்த அட்டைகளோடு தினமும் ரூபியின் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தாள். சுடரொளி தன் சத்துணவு முட்டையைப் பாதி பிட்டு ரூபியின் தட்டில் வைத்தான். ரூபி படங்களைப் பார்த்தாள், முட்டையைத் தின்றாள், ஒருநாள் சிரிக்கவும் செய்தாள். பேசவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள், கணக்கு வகுப்பில் ரூபி திடீரென்று தேம்பினாள். "வயிறு வலிக்குதா? யாராவது அடிச்சாங்களா?" என்று பொற்கொடி கேட்கக் கேட்க அழுகை கூடியது. அவள் உதடு வெடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து நதியா கவனித்தாள். சட்டம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் வீட்டுப் பேச்சில் மெல்லக் கேட்டாள்: "பானி?"

இரண்டு வீட்டிலும் தண்ணீருக்கு அதே பெயர்தான்; மற்றச் சொற்களும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகும். ரூபி சட்டென்று திரும்பினாள். அணை உடைந்ததுபோல் பேச்சு வந்தது. கேட்கத் தெரியாததால் அவள் வகுப்பு நேரத்தில் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை என்று நதியா தமிழில் எடுத்துச் சொன்னதும், பொற்கொடி தானே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தார்.

"டீச்சர், நதியா சட்டத்த மீறிட்டாளுங்க!" என்றாள் கவின்யா.

மறுநாள் ரூபி தானே எழுந்து நின்று, "தண்ணீர் குடிக்கலாமா, டீச்சர்?" என்று பிசிறில்லாமல் கேட்டாள். வகுப்பு கைதட்டியது. வழக்கும் தொடங்கியது.

"அது என் அட்டையில இருந்த சொல்லுங்க டீச்சர். கொடி எனக்குத்தானுங்க."

"அதுக்கு முன்னாடியே என் முட்டையத் தின்னுட்டுச் சிரிச்சாளுங்க. வாயத் திறக்காம எப்படிங்க சிரிக்கிறது?" என்றான் சுடரொளி.

"அப்போ கொட்டாவி விட வெச்சாலும் கொடி குடுப்பாங்களாடா?" என்று மடக்கினாள் கவின்யா.

நதியா எதுவும் கேட்கவில்லை. அவளை நோக்கிப் பொற்கொடி திரும்பியதும், "அவளுக்குத் தாகமா இருந்துச்சு, கேட்டேன். அவ்ளோதான் டீச்சர்" என்றாள்.

அன்று மாலை ராணி பள்ளி வாசலுக்கு வந்தாள். "சாமி, தைப்பூசத்துக்குப் பழனி போறோம். எம்புள்ள கொடி புடிக்கிறான்னா சொல்லு, இருந்து பாத்துட்டு, எங்க அக்காகிட்ட அவள உட்டுட்டுப் போறேன். கடைசியிலதான் நிக்கணும்னா இங்க எதுக்கு சாமி? எங்கூடப் பாசி வித்தா முன்னாலயே நிப்பா."

சென்ற ஆண்டு அப்படித் திருவிழாவுக்குப் போன நதியாவின் அண்ணன் பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை. பொற்கொடிக்கு அது தெரியும்.

இப்போது சொல்லுங்கள். ரூபிக்குத் தமிழ்ச் சொல் கொடுத்தவள் கவின்யா. சிரிப்பைக் கொடுத்தவன் சுடரொளி. சட்டத்தை மீறிப் பேச்சைக் கொடுத்தவள் நதியா. மூவருமே பொய் சொல்லவில்லை. வாக்கைக் காத்தால் சட்டம் போகும். சட்டத்தைக் காத்தால் ஒரு பிள்ளையே போய்விடும். கொடி யாருக்கு? வரிசையின் கடைசி இடம் யாருக்கு?

விடை: கொடி நதியாவுக்கே. கவின்யாவும் சுடரொளியும் தங்களிடம் இருந்ததை அன்போடு கொடுத்தார்கள். கொடுத்ததற்குப் பாராட்டும் கிடைத்தது. நதியா கொடுத்ததோ, அவள் மறைத்து வைக்கும்படி நாம் பழக்கியிருந்த ஒன்றை. கொடுத்தால் தண்டனை என்று தெரிந்தே கொடுத்தாள். கடைசி இடமும் வீணாகவில்லை. யாரும் விலகி நிற்கக் கூடாது என்ற சட்டத்தின் உயிரை மீறியது அதைப் போட்டவர்தான். தண்ணீர்ப் பானைக்கு முன்னால் ஒரு வாக்கியத்தைக் காவல் வைத்தவர் அவர். குடியரசு தினத்தன்று பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால், கடைசி ஆளாகப் பொற்கொடி நடந்தார். அங்கிருந்து பார்க்கக் கொடி இன்னும் உயரமாகத் தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்று ராணி தன் பேச்சில் ஏதோ உரக்கக் கத்தினாள். "என்ன சொல்றாங்க?" என்று கவின்யா கிசுகிசுத்தாள். பாதி புரிந்த ரூபி, புதுத் தமிழில் சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்: "தலை... மேலே. நம்ம பொண்ணு."