மலைநெல்லைத் திருடியது யார்?

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடும்பாறை நாடு என்றொரு நாடு இருந்தது. அதை வல்லபதேவன் என்கிற ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் மனசு எந்த நேரம் எப்படித் திரும்பும் என்று அவனுக்கே தெரியாது. காலையில் மாலை போட்டு வரவேற்றவனை மத்தியானம் சிறையில் தள்ளுவான்.

நாட்டின் மேற்கே ஒரு பெரிய மலை. அதன் சரிவில் காடு திருத்தி, மழையை மட்டும் நம்பி, மலைக்குடிகள் சிவப்பு நெல் விளைத்தார்கள். அரண்மனைக்கு அதில் ஒரு பங்கு வரி. அந்தச் சோறு இல்லாவிட்டால் ராஜாவுக்கு இலையில் கை வைக்கவே மனசு வராது. ஆனால் வருஷத்துக்கு வருஷம் நெல் குறைந்துகொண்டே போனது. அந்த வருஷ அறுவடையில் வந்த மூட்டைகளைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது.

"என்ன இது? கோழிக்கு இறைக்கக் கொண்டுவந்தார்களா?"

களஞ்சியத் தலைவர் அம்பலக்கூத்தர் இதற்காகவே காத்திருந்தவர். ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சர் சாத்தப்பரையே கேட்கிறார் என்று அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். அடிவாரத்து வயல்கள் அவருடையவை. மலையும் கைக்கு வந்துவிட்டால் தேவலை என்ற ஆசை வேறு.

"விளைச்சல் குறையவில்லை, மகாராஜா. திருடுகிறார்கள். குகைகளில் பதுக்குகிறார்கள். அமைச்சர் இடம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்" என்றார்.

மலைக்குடிகளின் தலைவி வெள்ளச்சியைக் கட்டி இழுத்துவந்தார்கள்.

"நெல் எங்கே?" என்றான் ராஜா.

"வெளையல சாமி. மலையில மண்ணே இல்ல."

"மண் இல்லாத மலையாம்!" என்று அம்பலக்கூத்தர் சிரித்தார். சபையும் சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"நாளை பொழுது சாயும்போது இவளைத் தூக்கில் போடுங்கள். குடிசைகளைக் கொளுத்தி எல்லாரையும் விரட்டுங்கள். மலையை அம்பலக்கூத்தர் பார்த்துக்கொள்ளட்டும்."

சாத்தப்பர் எழுந்தார். "திருட்டு என்றால் திருடன் வேண்டும், திருட்டுப்பொருளும் வேண்டும், மகாராஜா. இரண்டையும் நாளை மாலைக்குள் நான் காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?" என்றார் அம்பலக்கூத்தர்.

"அந்தக் கயிற்றில் இவளுக்கு முன்னால் நான் தொங்குகிறேன்."

"சரி" என்றான் ராஜா.

மறுநாள் விடிந்ததும் சாத்தப்பர் காவலர்களோடு மலையேறினார். குகை குகையாகத் தேடியதில் வௌவால்கள்தான் பறந்தன. நெல்தாள்களின் வேரெல்லாம் வெளியே தெரிய, பக்கத்தில் பாறை பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டிலும் நெல் கொட்டும் குதிர் நிறையவில்லை. அவர் கேட்ட கெடுவில் பாதிப் பொழுது கழிந்துவிட்டது.

மத்தியானம் மழை பிடித்தது. சரிவெல்லாம் செந்நீர் ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து, அந்தத் தண்ணீரோடு கூடவே இறங்கினார். அது அடிவாரத்து வயலொன்றில் போய் நின்று சேறாகத் தங்கியது. யார் வயல் என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

மாலையில் அரண்மனை முற்றத்தில் தூக்குக்கயிறு கட்டித் தயாராக இருந்தது. சாத்தப்பர் உடம்பெல்லாம் சேறாக, கையில் இரண்டு சட்டிகளோடு வந்தார்.

"திருடன் எங்கே?" என்றான் ராஜா.

"சொல்கிறேன். அதற்குமுன் கூத்தரிடம் ஒரு சந்தேகம். ஐயா, நாட்டில் எங்கும் இல்லாத விளைச்சல் உங்கள் வயலில் எப்படி?"

அம்பலக்கூத்தர் மீசையைத் தடவினார். "கைராசி ஐயா. என் வயல் வருஷாவருஷம் உயர்ந்துகொண்டே போகிறது. வரப்பை எடுத்துக்கட்டி மாளவில்லை."

"மலையின் பொருளை வைத்திருப்பவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

அம்பலக்கூத்தர் வெள்ளச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாரானாலும் சரி, கடைசிப் பிடிவரை தன் தலையிலேயே சுமந்து மலைமேல் சேர்க்க வேண்டும். அப்புறம் தூக்கு!"

சாத்தப்பர் சட்டிகளை ராஜா முன்னால் வைத்தார். "ஒன்று, மலையில் பாறை இடுக்கில் மிச்சமிருந்த மண். மற்றது கூத்தர் வயல் மண். தொட்டுப் பாருங்கள். ஊர் முழுக்கக் கரிசல். இவர் வயலில் மட்டும் மலைச்செம்மண். திருடன் மழை, மகாராஜா. திருட்டுப்பொருள் இவர் வயலில்."

ராஜா இரண்டையும் விரலில் நசுக்கிப் பார்த்தான். அவன் கண் முற்றத்துக் கயிற்றின்மேல் போயிற்று.

அம்பலக்கூத்தர் பதறிப்போய் முன்னால் வந்தார். "மழை கொண்டுவந்தால் நான் என்ன செய்வேன், மகாராஜா? அது என் குற்றமா?"

"மழை கொண்டுபோனது மட்டும் வெள்ளச்சியின் குற்றமா?" என்றார் சாத்தப்பர்.

ராஜா வெள்ளச்சியிடம் திரும்பினான். "மண் ஓடும்வரை நீங்கள் சும்மாவா இருந்தீர்கள்?"

"சரிவுக்குக் குறுக்கால கல்லு அடுக்கணும் சாமி. அப்பத்தான் மண்ணு நிக்கும். கல்லு அடுக்குற பருவத்துல எங்க ஆளுகளை எல்லாம் கூலியில்லாத வேலைக்கு இவரு கூட்டிட்டுப் போயிருவாரு. இவரு வரப்பு கட்டத்தான்."

ராஜா அம்பலக்கூத்தரைப் பார்த்தான்.

"உன் வாயால் சொன்ன தண்டனைதான் உனக்கு. இழுத்துப் போங்கள்!"

"தூக்கை விட்டுவிடுங்கள், மகாராஜா" என்றார் சாத்தப்பர். "தொங்குகிறவன் மண் சுமக்க மாட்டான்."

ராஜா அவரை முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். வெள்ளச்சியின் கட்டைத் தானே அவிழ்த்துவிட்டான். "உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்றான் அமைச்சரிடம்.

"மலையாட்களைக் கூலியில்லாமல் யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது. குடிசை கொளுத்தக் கிளம்பவிருந்த படை, கல் தூக்கட்டும்."

அப்படியே நடந்தது. சரிவெங்கும் கல்வரப்பு எழுந்தது. ஓடிய மண் வரப்போரம் தங்கியது. வேர் மண்ணைப் பிடிக்க, வரப்பில் துவரை நட்டார்கள். சில அறுவடைகளில் மலைக்குடிகளின் குதிர் வாய்வரை நிறைந்தது.

அதெல்லாம் பிற்பாடு. முதல் கூடையைச் சுமந்து மலையேறிய அன்று அம்பலக்கூத்தருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மேலே சேர்ந்ததும் கூடையைத் தொப்பென்று கவிழ்க்கப் போனார். வெள்ளச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லுக்கு இந்தப் பக்கம் கொட்டுங்க ஐயா. அந்தப் பக்கம் கொட்டினா, மழை வந்ததும் மறுபடியும் நீங்கதான் சுமக்கணும்."