மஞ்சள் துணியில் சுற்றிய செல்போன்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம். உலகம்மாள் வாரம் தவறாமல் அங்கே போவாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. மடத்துக் குரு பொன்னம்மைக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதானே. உலகம்மாள் அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

உலகம்மாளின் கணவர் வேலாயுதம் பஸ் ஓட்டியவர். அவர் விருப்பப்படி, இறந்த அன்றே கண்களைத் தானம் கொடுத்தார்கள். இரண்டு பேருக்குப் பார்வை வந்திருக்கிறது என்று பிறகு ஒரு கடிதம் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கில் அந்த இருவருக்கென்று இரண்டு திரி கூடுதலாகப் போட்டு வந்தாள்.

அவருடைய செல்போனை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்திருந்தாள். வருஷ திவசம் நெருங்கும்போது எடுத்துப் பார்த்தால், பேட்டரி உப்பி முதுகு மூடியைத் தூக்கிவிட்டிருந்தது.

மகள் பயந்துபோனாள். விளக்குப் பக்கத்தில் இதை வைக்கலாமா, தீப்பிடித்துவிடும் என்றாள். அப்பா பேசியதையும் படங்களையும் அவள் முன்பே தன் போனில் ஏற்றிக்கொண்டு, இதில் இருந்ததையெல்லாம் அழித்திருந்தாள். திருநெல்வேலியில் பழைய போன் வாங்குகிற இடம் ஒன்று இருக்கிறதாம். கண்ட இடத்தில் போட்டு எரித்து, உள்ளே இருக்கும் விஷத்தைப் பரப்ப மாட்டார்களாம். ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருக்கும் செம்பையும் துளித் தங்கத்தையும் எடுத்து, யாருக்கோ புதுச் சாமான் செய்ய அனுப்புவார்களாம்.

பிரிப்பார்கள் என்ற சொல்லே உலகம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அவர் காதில் வைத்துப் பேசியதை யாரோ திருப்புளியால் நெம்புவதா? போன வருஷம் அவருடைய வேட்டியை ஆற்றில் விட்டார்களே, அதுபோல இதையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். "செல்போனுக்கும் கருமாதியா, மதினி?" என்று கொழுந்தன் கேட்டார்.

திவசத்தன்று காலையில் மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் கரையேறினான். உலகம்மாள் மஞ்சள் துணியோடு கீழ்ப்படிக்கு இறங்கினாள். அங்கே குரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

"கையில் என்னக்கா?"

"அவருடைய போன், அம்மா. வேட்டி போன வழியிலேயே இதையும் அனுப்பிவிடலாம் என்று."

குரு அண்ணாந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். மறுபடி மொண்டு அவளிடம் நீட்டினார். அவளும் குடித்தாள்.

"இப்போது விடுங்கள்," என்றார் குரு. "விட்ட பிறகு ஆளுக்கு இன்னொரு செம்பு குடிப்போம்."

உலகம்மாளின் கை தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது. உப்பிய பேட்டரி துணிக்குள் விரலில் தட்டுப்பட்டது. நாலு படி தள்ளி ஒரு பெண் குடத்தை அமிழ்த்தி நிறைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

உலகம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். படியில் உட்கார்ந்து, துணியை அவிழ்த்து, போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அழுத்திப் பிடிக்காதீர்கள், அக்கா. உப்பியிருக்கிறது."

பிடியைத் தளர்த்தினாள்.

"மகள் சொல்கிற இடத்தில் கொடுத்தால் பிரித்துவிடுவார்களாம், அம்மா. துண்டு துண்டாகப் போய் யாருக்கோ புதுச் சாமானாகிவிடுமாம். அவருடையது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது."

குரு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண் எடுக்க வந்தார்களே, அப்போது எங்கே இருந்தீர்கள்?"

"அவர் பக்கத்தில்தான். தலையணை வைத்துத் தலையை உயர்த்தச் சொன்னார்கள். நான்தான் உயர்த்தினேன்."

"கை நடுங்கியதா?"

"இல்லை."

"ஏன்?"

உலகம்மாள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ பார்க்கப்போகிறார்களே என்று இருந்தது."

குரு அவிழ்ந்திருந்த மஞ்சள் துணியை எடுத்தார். போனை அதில் மெல்லச் சுற்றி அவள் மடியில் வைத்தார்.

"மகளோடு நீங்களும் போய், உங்கள் கையாலேயே கொடுங்கள், அக்கா," என்றார். "வருகிற வெள்ளிக்கிழமை விளக்கில் இன்னும் ஒரு திரி சேர்த்துப் போடுங்கள்."