கரடி சுமந்த பாரம்

ஒரு காட்டில் ராஜாவே கிடையாது. இருந்த புலியை எல்லா மிருகங்களும் சேர்ந்து ஆற்றுக்கு அப்பால் துரத்திவிட்டன, பிள்ளைகளே. "இனி இங்கே பெரியவரும் இல்லை, சிறியவரும் இல்லை. கிடைப்பதையெல்லாம் ஆலமரத்தடியில் கொட்டுவோம், சமமாகத் தின்போம்" என்று முடிவு செய்தன.

பங்கு போடக் கரடியை நியமித்தன. கை பெரியது, மனமும் பெரிதாகத்தான் இருக்கும் என்று நம்பின.

முதலில் கரடி ஒழுங்காகத்தான் பங்கு போட்டது. பிறகு, "கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது" என்று ஒரு வாய் தேன் எடுத்துக்கொண்டது. பாவம், குடிக்கட்டும் என்று மற்றவை விட்டுவிட்டன. அடுத்து, உதவிக்கு என்று கரடியின் மைத்துனன் வந்தது, மருமகன் வந்தது. அவற்றுக்கும் தொண்டை வறண்டது! கோடை வந்தபோது மரத்தைச் சுற்றி ஒரு முள்வேலியும் வந்தது. உள்ளே நிழல், வெளியே வெயிலில் வரிசை.

அந்த வரிசையின் கடைசியில் ஒரு குறும்புக்கார முள்ளம்பன்றி நின்றது. அன்று அதற்குக் கிடைத்தது அரைக் கிழங்கு. வளையில் குட்டிகள் பசியோடு காத்திருந்தன.

"கரடியண்ணே, ஊரெல்லாம் இளைக்கும்போது உங்கள் தொப்பை மட்டும் வளர்கிறதே, எப்படி?"

"அடேய், இதைச் சுகம் என்றா நினைத்தாய்? பாரமடா, பாரம்! உங்களுக்காகத்தான் சுமக்கிறேன். நான் மயங்கி விழுந்தால் பங்கு போட யார் இருக்கிறார்கள்?"

முள்ளம்பன்றிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முட்களைச் சிலிர்த்தது. கரடியின் கையைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டது. சட்டென்று ஒரு யோசனை தோன்ற, 'ஓ'வென்று அழத் தொடங்கியது.

"ஐயோ, அண்ணன் படும் பாட்டைக் கேட்டீர்களா!"

கரடி மகிழ்ந்து தலையாட்டியது. "முதுகே ஒடிகிறது!"

"எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கிற காட்டில் பாரத்தை மட்டும் ஒருவரே சுமப்பதா? அநியாயம்! அமாவாசைக்கு அமாவாசை ஆள் மாறிச் சுமப்போம். பங்கு போடுகிறவர் மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சும் பங்கை எடுக்கட்டும்!"

"அதுதான் நியாயம்!" என்று மான் கத்தியது. முயல் துள்ளிக் குதித்தது. உடும்பு அப்போதே வேலியைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டது.

கரடி பதறியது. "அப்படியொன்றும் பெரிய பாரம் இல்லையே..."

"இல்லையா? அப்படியானால் இத்தனை நாள் தேன் எதற்கு?" என்றது முள்ளம்பன்றி.

கரடி மைத்துனனையும் மருமகனையும் இழுத்துக்கொண்டு வரிசைக்குப் போனது.

மழைக்காலத்தில் முள்ளம்பன்றியின் முறை வந்தது. எதிரே நாவல்பழங்கள் கருகருவென்று குவிந்து கிடந்தன. பார்க்கப் பார்க்க அதன் நாக்கில் நீர் ஊறியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கால் இடறியதுபோலக் குவியலில் விழுந்து, ஒரு புரள் புரண்டு எழுந்தது.

"முள்ளம்பன்றியாரே, முதுகில் என்ன?" என்று வரிசையிலிருந்து கரடி கேட்டது.

முள்ளுக்கு ஒரு பழம்! காடே விழுந்து விழுந்து சிரித்தது.

முள்ளம்பன்றிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அமாவாசை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே முயலைக் கூப்பிடுங்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டே உடம்பை உதறியது. பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

நீதி: பங்கு போடும் கையை மாற்றிக்கொண்டே இரு, நல்லவர் கையானாலும் அதன்மேல் ஒரு கண் வை.